யூரியா போட்டது நான்தான்

கார்த்திக்,

அன்புள்ள என்று தொடங்கவில்லை. அந்தச் சொல்லை இன்றைக்குச் செலவழிக்க விருப்பமில்லை. தை மாதம் உனக்குக் கல்யாணம். பெற்றவர்கள் இந்தச் சமயத்தில் பிள்ளைக்குப் பொறுமை, விட்டுக்கொடுத்தல், சிக்கனம் என்று நாலு வார்த்தை எழுதுவது வழக்கம். அந்த நாலு வார்த்தையை உன் மாமாக்கள் மேடையில் மைக் பிடித்துச் சொல்லத்தான் போகிறார்கள். அவர்கள் பிழைப்பை நான் ஏன் கெடுக்க வேண்டும். நான் எழுதுவது கடலையும் துவரையும் பற்றி. நம் மண்ணில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதைப் பற்றி. இல்லாமல் போனதற்காக ஒரு மனிதரை நீ ஊரறியத் திருடன் ஆக்கியதைப் பற்றி. நீ பேசியது எல்லாரும் பார்க்கும் இடத்தில். ஆகவே இதுவும் எல்லாரும் படிக்கும் பத்திரிகைக்குப் போகிறது. உன் சேனலுக்குக் கீழேயே கமெண்டாக எழுதியிருப்பேன். அங்கே நீளமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை. படிப்பவர்களும் முதல் வரியிலேயே கோபப்பட்டுவிடுகிறார்கள்.

படிப்பவர்களுக்காகச் சில விவரம். திருவெள்ளறையில் நமக்கு இரண்டு ஏக்கர் வானம் பார்த்த பூமி. வீடு ஸ்ரீரங்கத்தில். நான் முப்பது வருஷம் அரசாங்க மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விவசாயிகள் துணிப்பையில் மண் கொண்டுவருவார்கள். அதில் என்ன குறை, எதை எவ்வளவு போட வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்போம். அந்த அட்டைகளில் என் கை அதிகம் எழுதிய வாக்கியம், 'பயறு வகைக்கு மேலுரமாக யூரியா இட வேண்டாம்' என்பதுதான். காரணமும் பொறுமையாகச் சொல்வேன். கடலை வேரிலும் துவரை வேரிலும் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். நாம் யூரியாவை அள்ளி வீசினால், சும்மா கிடைப்பதைச் செடி எடுத்துக்கொண்டு அந்தக் குடித்தனக்காரர்களைப் பட்டினி போட்டுவிடும். இலை தழைக்கும், முடிச்சு வற்றும். இதைக் கேட்டு நாமக்கல் தொடங்கி அரியலூர் வரை எத்தனையோ பேர் தலையாட்டியிருக்கிறார்கள். நீயும் சின்ன வயதில் தலையாட்டியிருக்கிறாய், பக்கோடா தின்றுகொண்டே.

பிறகு நீ துவாக்குடியில் பொறியியல் படித்தாய். அங்கேயே ஒரு பட்டறைக் கம்பெனியில் வேலை கிடைத்தது. சனி ஞாயிறுகளில் விவசாயியானாய். அதில் எனக்குக் குறை இல்லை. சனி ஞாயிறுகளில் இதைவிடக் கேடான காரியம் செய்கிற பிள்ளைகள் உண்டு. நீ சேனல் தொடங்கியபோது முதல் ஆளாகப் பார்த்ததும் நான்தான். ஆடியில் விதைக்கப் போகிறோம், ஆறு வரிசை கடலை, ஒரு வரிசை துவரை, உரமே கிடையாது என்று நீ கேமராவிடம் சொன்னபோது திடுக்கிட்டதும் நான்தான். அதற்கு முந்தைய மாதம்தான் நம் மண்ணை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய அலுவலகத்தில் கொடுத்து அட்டை வாங்கி வந்திருந்தேன். காய் பிடிக்க வேண்டிய மணிச்சத்து குறைவு என்று எழுதியிருந்தது. அதை நீ பிரிட்ஜ் கதவில் ஒட்டி அதன்மேல் கேஸ் புக்கிங் நம்பரை எழுதினாய்.

"கடலையும் துவரையும் ரெண்டுமே பயறும்மா. ஒண்ணுக்கொண்ணு ஊட்டிக்கும்."

"தழைச்சத்து சரிடா. மணிச்சத்து எங்கேருந்து வரும்? சுண்ணாம்புச்சத்து எங்கேருந்து வரும்?"

"நீ இன்னும் ஆபீஸ்லயே இருக்க."

"இல்லடா, கிச்சன்ல இருக்கேன். அதான் அரிசி இல்லாம சோறு வடிக்க முடியாதுன்னு தெரியுது."

நீ சிரிக்கவில்லை. "நீங்க எல்லாம் சேர்ந்துதான் மண்ண மலடாக்கினீங்க" என்றாய். முப்பது வருஷச் சம்பளத்தில் வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாய். ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் ஆட்கள் என்னை உரக் கம்பெனியின் கையாள் என்பார்கள். மூட்டை உரம் வேண்டாம் என்றால் வேண்டாம். மக்கிய சாணம் வண்டி வண்டியாக அடித்திருக்கலாம், பாறைத் தூள் போட்டிருக்கலாம், விதையைக் கஞ்சியில் நுண்ணுயிர் கலந்து நிழலில் உலர்த்தி விதைத்திருக்கலாம். இயற்கை முறையில் மண்ணுக்குச் சாப்பாடு போடுகிறவர்கள் நம்மைவிட அதிகம் பாடுபடுகிறார்கள். நீ மண்ணில் இட்டது நம்பிக்கை ஒன்றுதான். அதில் மணிச்சத்து கிடையாது.

விதை வாங்க நாம் இருவரும் காந்தி மார்க்கெட் பக்கம் யூசுப் பாய் கடைக்குப் போனோம். நான் வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து அவரைத் தெரியும். ஒவ்வொரு மூட்டை வந்தவுடனும் நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றிவைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்த்த பிறகுதான் விற்பார். நம் கண்முன்னாலேயே சாக்கைப் பிரித்துக் காட்டினார். அடியுரம் என்ன என்று உன்னைக் கேட்டார். ஒன்றுமில்லை என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்டுக்கு ரெண்டு விருந்தாளி வர்றாங்க. ரெண்டு பேருமே தயிர் கொண்டாறாங்க. அதுக்காக நீங்க சோறு வடிக்காம இருப்பீங்களா?"

முப்பது வருஷம் நான் அட்டை அட்டையாக எழுதியதை அவர் ஒரு பந்தியில் சொல்லி முடித்துவிட்டார். நீ வெளியே வந்து, "பாய் உரமும் விக்கிறாருல்ல, அப்படித்தான் சொல்லுவாரு" என்றாய். அவர் உரம் விற்பதில்லை என்பதைப் பார்க்க அந்தக் கடையைச் சுற்றி ஒரு தடவை கண்ணை ஓட்டினால் போதும். நீ அப்போது கடையின் பெயர்ப் பலகையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாய்.

இனி என் பங்கு. இதைத் தள்ளித் தள்ளி வைத்ததில்தான் இவ்வளவு கேடும் வந்தது, ஆகவே நேராகச் சொல்கிறேன். விதைத்து மூன்று வாரத்தில் கடலை மஞ்சளடித்தது. அது நோயல்ல. விதையில் இருந்த சத்து தீர்ந்து, வேர் முடிச்சு வேலையைத் தொடங்கும் வரை வருகிற மஞ்சள். ஒரு வாரம் பத்து நாள் பொறுத்தால் தானே தெளியும். இதையும் நான் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஆயிரம் பேர் வயலைப் பார்க்க உறையூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வரவில்லை. நம் வயலுக்கு வர இருந்தார்கள். நித்யாவின் அப்பா தறிக்காரர். மாப்பிள்ளை விவசாயமும் செய்கிறாராமே, ஒரு நாள் வந்து பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார். அடுத்த வார ஞாயிறு என்று நாள் குறித்தாகிவிட்டது. நீயோ மஞ்சள் வயலைக் காட்டி இதுதான் இயற்கை என்று அவர்களிடம் பேசப் போகிறாய். அவர்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் இடத்தில் இருந்தால் என் முகமும் அப்படித்தான் போகும். புதன்கிழமை காலை, நீ வேலைக்குப் போன பிறகு, ஒரு மூட்டை யூரியாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருவெள்ளறைக்குப் போனேன்.

பக்கத்து நிலத்துக்காரி பொன்னம்மா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பல வருஷத்துக்கு முன் என் மேஜைக்கு மண் கொண்டுவந்து அட்டை வாங்கிப் போனவள்.

"ஏம்மா, இது யூரியாதானே?"

"ஆமா."

"இத போடக்கூடாதுன்னு எனக்கு எழுதிக் குடுத்தது நீங்கதானே?"

"ஆமா, பொன்னம்மா."

"அப்ப அது எங்களுக்கு மட்டுமா?"

மூட்டையை அவிழ்த்தேன். இரண்டு ஏக்கரும் வீசினேன். மதியம் மழை வேறு பெய்தது. சில தப்புகளுக்கு வானமும் ஒத்தாசை செய்கிறது.

பதினோராம் நாள் அவர்கள் வந்தபோது வயல் பச்சைப் பாயாக இருந்தது. நீ கேமராவை எடுத்தாய். 'உரம் பூஜ்யம், பச்சை நூறு' என்று அதற்குத் தலைப்பு வைத்தாய். உன் சேனலில் அதிகம் பேர் பார்த்த வீடியோ இன்றைக்கும் அதுதான். நித்யாவின் அப்பா மட்டும் குனிந்து ஓர் இலையை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"என்னங்க மாப்ள, சாயம் ஏத்தின மாதிரி இருக்கு? இந்தப் பச்சை எங்களுக்கு ரெண்டு முக்கு முக்காம வராது."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது நான். அவர்கள் கோயிலுக்குக் கிளம்பியதும் ஒரு கடலைச் செடியைப் பிடுங்கினேன். வேரில் முடிச்சு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. நகத்தால் கிள்ளினேன். வேலை செய்கிற முடிச்சு உள்ளே சிவந்திருக்கும். இது வெளுத்திருந்தது. செடியை மண்ணில் குத்தி நட்டுவைத்துவிட்டு உங்களுக்குப் பின்னால் நடந்தேன்.

அப்போதுகூட முழுக்கக் கெட்டுவிடவில்லை. நாற்பதாம் நாளுக்கு மேல் மண் அணைக்கும்போது சுண்ணாம்புச்சத்துக்காக ஜிப்சம் போட்டிருந்தால் பாதியாவது தேறியிருக்கும். கடலைக்கு ஒரு விசித்திரம் உண்டு. பூவிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போய்க் காயாகும். அந்தக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும், வேர் ஊட்டி விடாது. அங்கே இல்லாவிட்டால் ஓடு இருக்கும், பருப்பு இருக்காது. ஜிப்சம் பற்றி நான் பேச்செடுத்தேன். "பூஜ்யம்னா பூஜ்யம்மா" என்றாய். எதிர்த்துப் பேச வாயைத் திறந்தால் யூரியாவும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்று மூடிக்கொண்டேன். யூரியா போட்டது வெட்கத்தில் செய்தது. வாயை மூடியது யோசித்துச் செய்தது. என் இரண்டு தப்புகளில் பெரியது எது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

ஐப்பசிக் கடைசியில் கடலை பிடுங்கினோம். செடி இடுப்புக்குக் கீழே புதர் மாதிரி வந்தது. மணிச்சத்துக் குறைவால் காயே கொஞ்சம். வந்த காயும் பொக்கு. பிடுங்க வந்த பெண்கள் ஒன்றை நசுக்கிப் பார்த்து, "கிலுகிலுப்பைக்கு ஆகும்" என்று சிரித்தார்கள். துவரை பூவே விடாமல் ஆளுயரத்துக்கு வளர்ந்து கடலையின் வெயிலையும் மறைத்துக்கொண்டு நின்றது. பொன்னம்மாவின் அரை ஏக்கரில், அதே கடையில் அதே மூட்டையிலிருந்து வாங்கிய விதையில், சாணமும் ஜிப்சமும் கண்ட கடலை கொத்துக் கொத்தாக வந்தது. இரண்டு நிலத்துக்கும் நடுவே ஒரு வரப்பு. உன்னிடம் சொன்னேன். "அவங்க மண்ணு வேறம்மா" என்றாய். அந்த வரப்பைத் தாண்ட ஆட்டுக்குட்டி ஒன்றுக்கு ஒரு துள்ளல் போதும்.

அன்று மாலையே நீ வீடியோ போட்டாய். போலி விதை, விவசாயி வயிற்றில் அடி, இந்தக் கடைதான். நீ ஆடியில் எடுத்த பெயர்ப் பலகைப் படம் அப்போது பயன்பட்டது. ஒரு விதையைக்கூட நீ சோதிக்கவில்லை. வேரைப் பிடுங்கிப் பார்க்கவில்லை. பொன்னம்மா வயலுக்குக் கேமராவைத் திருப்பவில்லை. பொறியியல் கல்லூரியில் உனக்கு என்ன கற்றுக்கொடுத்தார்களோ, ஓர் இயந்திரம் நின்றால் எதனால் நின்றது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கீழே வந்த கமெண்டுகளையும் படித்தேன். நூறு பேருக்குமேல் விதையை விட்டுவிட்டு அவர் எந்தப் பக்கம் திரும்பித் தொழுகிறார் என்பதைப் பற்றி எழுதியிருந்தார்கள். எழுதவே கை கூசும் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே உன் சிவப்பு இதயம். கேட்டதற்கு, "எல்லா கமெண்டுக்கும் போடுவேன்மா, படிச்சுப் பாக்குறதில்ல" என்றாய். உன்னை நான் ஏழு வயதில் அடித்தேன், பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிள் காற்றைப் பிடுங்கிவிட்டதற்காக. பிறகு அடித்ததில்லை. அன்றைக்கு ஏன் கை கட்டிக்கொண்டு நின்றேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

அடுத்த வாரம் கடைக்குப் போனேன். வாசலில் இருவர் விதை மூட்டையைத் திருப்பித் தள்ளிவிட்டுப் போனார்கள். பாய் அதைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: யூரியா, முடிச்சு, நான் பேசாமலிருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"நீங்களாம்மா?"

"நான்தான் பாய்."

"யூரியாவுல இவ்ளோ பொக்கு வராதும்மா. ஜிப்சம் இல்ல, மணிச்சத்து இல்ல." அந்த நிலையிலும் அவருக்குக் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். பிறகு, "நீங்க சொன்னதே போதும்மா" என்றார்.

"போதாது பாய். நாலு பேர்கிட்ட நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா நாலு பேருதான் கேப்பாங்க. ஊரு கேட்டது தம்பி சொன்னதை. தம்பியே சொன்னாத்தான் உண்டு." சாக்கு நூலை எடுத்து முறுக்கினார். "மகன் கடையில உக்கார மாட்டேங்கிறான். என்னத்தையோ ஃபோன்ல காட்டுறாங்க அவனுக்கு. இருக்கட்டும். கல்யாண வீடு. முடியட்டும், அப்பறம் பாக்கலாம், இன்ஷா அல்லாஹ்."

அவர் பெருந்தன்மையாகச் சொன்னதை நீ உன் வசதிக்கு எடுத்துக்கொண்டாய். அன்று சாயங்காலம் உன்னிடம் சொன்னேன். நான் போட்ட யூரியாவைச் சொன்னபோது நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. ஃபோனை எடுத்து உன் சேனலைத் திறந்தாய்.

"அப்ப அந்தப் பச்சை வீடியோ..."

"ஆமா."

"அதையும் தூக்கணுமா?"

இதுதான் நீ கேட்ட முதல் கேள்வி. இரண்டாவது, "நித்யா வீட்ல என்னம்மா நினைப்பாங்க?" மூன்றாவது கேள்வியே இல்லை. "பாயே கல்யாணத்துக்கு அப்பறம்னு சொல்லிட்டாருல்ல" என்று முடித்துவிட்டு, துவாக்குடியில் நண்பன் அறைக்குப் போய்விட்டாய். மூன்று வாரம் ஆகிறது. உண்மை தெரியாமல் நீ அந்த வீடியோவை வைத்திருந்தது ஒரு வாரம். தெரிந்து வைத்திருப்பது மூன்று வாரம். முதல் வாரத்தின் பழியில் பாதி என்னுடையது. இந்த மூன்று வாரத்தில் எனக்குப் பங்கு கிடையாது.

இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று உன் அப்பா சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் மகனை இப்படி அவமானப்படுத்துவார்களா என்றார். பாய்க்கும் ஒரு மகன் இருக்கிறான் என்றேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். நித்யா வீட்டில் என்ன நினைப்பார்கள் என்கிற உன் கவலைக்கும் முந்தாநாள் ஒரு முடிவு கட்டினேன். உறையூருக்கு டவுன் பஸ்ஸில் போய் அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து நானே சொன்னேன். நித்யாவின் அப்பா, "சாயம்னு நான் அன்னைக்கே சொன்னேனே சம்பந்தி" என்று மட்டும் சொன்னார். நித்யா காபி டம்ளரை எடுக்க வந்தவள் நின்று கேட்டாள்: "அவருக்கு எப்பலேர்ந்து தெரியும், அத்தை?" மூன்று வாரம் என்றேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கல்யாணம் நிற்கும் என்றும் சொல்லவில்லை, நடக்கும் என்றும் சொல்லவில்லை. நேற்று எனக்கு ஃபோன் செய்தாள். நான் பாய் கடைக்குப் போகும்போது தானும் வருவதாகச் சொன்னாள்.

கடலையும் துவரையும் ஒன்றாக வாழ்வதை உன் கல்யாணத்துக்கு உவமையாகச் சொல்வேன் என்று நீ பயப்பட வேண்டாம். மனுஷர்களுக்கு வேர் முடிச்சு கிடையாது. எங்கே வெளுத்திருக்கிறது என்று கிள்ளிப் பார்க்கவும் முடியாது; பேச வேண்டிய நேரத்தில் பேசுகிறார்களா என்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். நான் அந்தத் தேர்வில் மூன்று மாதம் தோற்றவள். அதனால் உனக்கு வினாத்தாள் தெரியும், விடையும் தெரியும்.

இந்தக் கடிதத்தின் நகல் உனக்கு இன்றைக்கே வந்துவிடும். அச்சில் வர இன்னும் பத்து நாளாகும். நீ நல்லபடியாக நடந்துகொண்டால் அச்சிட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று நினைக்காதே. என் யூரியா அச்சில் வர வேண்டும். முப்பது வருஷம் என் கையெழுத்தை நம்பியவர்களுக்கு அந்தக் கடன் உண்டு. இதற்குள் நீ பேசினால் அது உன் மன்னிப்பு. இது வந்த பிறகு பேசினால் அம்மாவின் கடிதத்துக்கு மகன் எழுதிய பதில், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பாய் ஒரு படி விதைகூட விற்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் நித்யாவும் கடையில் இருப்போம். பொன்னம்மா ஒரு பை கடலையோடு வருகிறாள். கேமராவை எடுத்துக்கொண்டு வா, இந்தத் தடவை அதற்கு வேலை இருக்கிறது. துவாக்குடி பஸ் காந்தி மார்க்கெட்டில் நிற்கும். பன்னிரண்டு மணிக்குப் பாய் தொழுகைக்குக் கடையை அடைத்துவிடுவார். அவரைக் காக்க வைக்காதே.

அம்மா